படிப்பது எதற்காக? கிறிஸ்தவப் பார்வையில் ஓர் எளிய விளக்கம்

ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் உட்கார்ந்து பேசினாலும், படிப்பைப் பற்றி இரண்டு பேச்சு காதில் விழும். "கடலுக்குப் போறவனுக்கு எதுக்குய்யா படிப்பு?" என்பது ஒன்று. "நல்லாப் படி, எங்களை மாதிரி நீயும் கடல்ல கிடக்க வேணாம்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு இப்போது குறைந்துவிட்டது. இரண்டாவதுதான் வீட்டுக்கு வீடு. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது. படிப்பு என்பது கடலிலிருந்து தப்பிக்கிற வழி. தப்பிக்க வேண்டாதவனுக்கு அது வேண்டாம்.

கிறிஸ்தவ மரபு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு முன்னால், யாருக்காகப் படிக்கிறாய் என்று அது கேட்கிறது. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, பைபிள் இதைப் பற்றி என்ன சொல்கிறது, பழைய ஞானிகள் எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதைப் புதிதாகப் படிப்பவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறும். அதிகாரமும் வசன எண்ணும் அதேதான்.

விலக்கப்பட்ட மரம்

மறைக்கல்வி வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: ஏதேன் தோட்டத்தில் கடவுள் தொடக்கூடாது என்றது அறிவின் மரத்தைத்தானே? அப்படியென்றால் மனிதன் அறிவு பெறுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

நியாயமான கேள்வி. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் பதில் அங்கேயே கிடைக்கும். மரத்தின் முழுப்பெயர் 'நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்'. அதன் கனியைப் புசிக்கக்கூடாது என்பது 17ஆம் வசனம். அங்கிருந்து இரண்டே வசனம் தள்ளி, 19இல், மிருகங்களையும் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவந்து, என்ன பேர் வைக்கிறான் பார்ப்போம் என்று கடவுள் காத்திருக்கிறார். பேர் வைக்க வேண்டுமானால் உற்றுப் பார்க்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய வேண்டும். உயிரியல் படிப்பு தொடங்குவதே அதில்தான். வலையில் கலந்து வந்ததைக் காரல், சூடை, சீலா, ஊளி, விளமீன் என்று ஒரே பார்வையில் தனித்தனிக் கூடையில் போடுகிற நம்மூர்ப் பெண்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். ஆக, மனிதனுக்குக் கடவுள் முதல் முதலாகக் கொடுத்த வேலைகளில் அறிவு வேலையும் ஒன்று.

அப்படியானால் விலக்கியது எதை? "நன்மை தீமை அறிந்து தேவர்களைப்போல் இருப்பீர்கள்" (3:5) என்று பாம்பு ஆசை காட்டுகிறதே, அதைத்தான். எது நல்லது, எது கெட்டது என்று நானே முடிவு செய்துகொள்வேன், எனக்கு மேலே யாரும் வேண்டாம் என்கிற நிலை அது. அதை மீன்களின் பேர் படிப்பதோடும் கணக்கு போடுவதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பயம் எப்படித் தொடக்கமாகும்?

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" (நீதிமொழிகள் 1:7). படிப்பைப் பற்றிய கிறிஸ்தவப் பேச்சில் இதைவிட அதிகம் சொல்லப்பட்ட வசனம் இருக்காது. இதைவிடத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இருக்காது. பயந்துகொண்டே எப்படிப் படிப்பது?

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கக் கடல் போதும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் கரையில் கிடக்கும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனதைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. கடலுக்குப் பயப்படத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்தால் யாரும் கடலைவிட்டு ஓடிப்போகவில்லை. அடிப்பது வாடைக்காற்றா கச்சான்காற்றா என்று பார்க்கிறார்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறார்கள், பெரியவர்களிடம் கேட்கிறார்கள், இப்போது செல்போனிலும் பார்த்துக்கொள்கிறார்கள். பயமே இல்லாத ஆள்தான் எதையும் விசாரிக்காமல் வத்தையை இறக்குவார். கடவுள் முன்னால் கொள்கிற பயமும் இந்த வகைதான். நம்மைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்தவன்தான் கற்றுக்கொள்ளத் தொடங்குவான். அந்த வசனத்தின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை: "மூடர் ஞானத்தையும் போதகத்தையும் அசட்டைபண்ணுகிறார்கள்." பயத்துக்கு எதிராக அந்த வசனம் நிறுத்துவது அலட்சியத்தை.

கேள்வி கேட்ட பையன்

இயேசுவின் சிறு வயதைப் பற்றி நற்செய்திகள் சொல்வது மிகக் குறைவு. லூக்கா மட்டும் பன்னிரண்டு வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். திருவிழாவுக்கு எருசலேம் போன பெற்றோர் திரும்பும் வழியில் பையனைக் காணாமல் தேடி, மூன்றாம் நாள் ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். போதகர்கள் நடுவே உட்கார்ந்து, "அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும், அவர்களை வினாவவும்" செய்துகொண்டிருந்தார் (2:46). அந்த அதிகாரம் முடிகிற இடத்தில் லூக்கா இன்னொன்றும் சொல்கிறார்: இயேசு ஞானத்தில் வளர்ந்தார்.

இயேசுவைக் கடவுள் என்று நம்புகிற மதம், அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்றும் எழுதிவைத்திருக்கிறது. இது எப்படிப் பொருந்தும் என்று இறையியலாளர்கள் பல நூற்றாண்டாக வாதாடியிருக்கிறார்கள். அதற்குள் நாம் இப்போது போக வேண்டாம். தொடக்கநிலையில் இவ்வளவு போதும்: தெரியாமல் இருப்பது பாவம் இல்லை, கேட்பது அவமானம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளையை "பெரிய இவன்" என்று உட்கார வைக்கிற ஆசிரியர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் உட்பட, இந்த வசனத்தை ஒருமுறை படிக்கலாம்.

அதே இயேசுவை ஊர்க்காரர்கள் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3). கைத்தொழில் அறிவைப் பைபிள் கீழே வைப்பதில்லை. யாத்திராகமம் 31இல், வழிபாட்டுக் கூடாரத்துக்குப் பொன், வெள்ளி, மர வேலை செய்ய பெசலெயேல் என்பவரைக் கடவுள் தேர்ந்தெடுக்கிறார். தேவ ஆவியால் நிரப்பி, ஞானமும் புத்தியும் அறிவும் கொடுத்தேன் என்கிறார். எதற்கு? பிரசங்கம் செய்ய இல்லை, கல் பதிக்கவும் மரம் செதுக்கவும்.

பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றி, மூச்சடக்கி இறங்குகிறார்கள். எந்தத் தீவோரம் எந்தப் பாசி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி எந்த நாளில் தண்ணீர் தோதாக இருக்கும், மறுபடி வளர எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். "எங்களுக்கு எழுத்து தெரியாதுய்யா" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், அது எழுத்தைப் பற்றி மட்டும்தான் உண்மை.

ஐந்து காரணங்கள்

12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிளேர்வோ என்ற மடத்தின் தலைவராக இருந்தவர் புனித பெர்நார்து. தம் துறவிகளுக்கு ஆற்றிய உரை ஒன்றில், ஏன் அறிவைத் தேடுகிறார்கள் என்று மனிதர்களை ஐந்தாகப் பிரித்தார். சிலர் வெறுமனே தெரிந்துகொள்வதற்காகத் தேடுகிறார்கள், அது ஆர்வக்கோளாறு. சிலர் தங்களைப் பிறர் தெரிந்துகொள்வதற்காக, அது வீண்பெருமை. சிலர் விற்றுப் பணமோ பட்டமோ வாங்க. அது இழிந்த லாபம். சிலர் பிறரைக் கட்டியெழுப்ப, அது அன்பு. சிலர் தாங்களே கட்டியெழுப்பப்பட, அது விவேகம்.

படிப்பின் நோக்கத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் ஐந்தையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. எனக்கு அவரோடு இரண்டு இடத்தில் ஒத்துப்போகவில்லை.

முதலாவது இடம், வெறுமனே தெரிந்துகொள்வது. ஊர்வம்பு தேடுகிற ஆர்வத்தையும் உலகத்தை வியந்து பார்க்கிற ஆர்வத்தையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. கர்த்தரின் செய்கைகளில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள் என்கிறது சங்கீதம் 111:2. கேம்பிரிட்ஜில் 1874இல் திறந்த கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தின் பழைய வாசல் கதவில் இந்த வசனம் லத்தீனில் பொறிக்கப்பட்டது. அந்த ஆய்வகத்தின் முதல் பேராசிரியர் மின்காந்தவியலின் மேதை மேக்ஸ்வெல், ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். 1897இல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் 1932இல் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் அதே ஆய்வகத்தில்தான். மண்டபத்துக் கடலில் கடற்புல் மேய்கிற ஆவுளியாவை (கடல்பசு) பற்றி ஒரு பிள்ளை படிக்க ஆசைப்பட்டால், அதனால் என்ன பிரயோஜனம் என்று உடனே கேட்காமல் விடுவதும் ஒரு கிறிஸ்தவப் பழக்கம்தான். சங்கீதம் 104 கடலையும் அதிலிருக்கிற "சிறியவைகளும் பெரியவைகளுமான எண்ணிறந்த ஜீவன்கள்" பற்றியும் பாடும்போது பிரயோஜனக் கணக்கு எதுவும் போடவில்லை.

இரண்டாவது இடம், விற்பது. மார்ச் மாதம் பொதுத்தேர்வுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்பார்கள். கையில் ரப்பர் பேண்ட் போட்ட நாலைந்து பேனா, பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட். சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது பேனாவை முன்னால் நீட்டி, ஹால் டிக்கெட்டை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைக்கிற பிள்ளைகளும் உண்டு. மை கரைந்தால் யார் பதில் சொல்வது? அந்த வரிசையில் பாதிப் பேர் வீட்டில் வலைக்கடனும் எஞ்சின் கடனும் இருக்கும். படித்து வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி அந்தக் கடனை அடைக்க நினைப்பதை இழிந்த லாபம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெற்றவர்களைத் தாங்குவது பத்துக் கட்டளையில் ஒன்றைக் கடைப்பிடிப்பது. பெர்நார்து பேசியது, சோற்றுக்குக் கவலையில்லாத மடத்துத் துறவிகளிடம். அவர் எச்சரித்த ஆபத்து உண்மைதான்: சம்பளம் ஒன்றே அளவுகோலாகிவிட்டால் படித்த விஷயமும் மறந்துபோகும், படிக்க வைத்த ஊரும் மறந்துபோகும்.

வீண்பெருமையைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை அவருக்கு முன்பே திருத்தூதர் பவுல் சொல்லிவிட்டார்: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" (1 கொரிந்தியர் 8:1). இந்த வசனத்தைக் காட்டிப் படிப்பே ஆபத்து என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன சண்டையில் பவுல் இதை எழுதினார் என்று பார்க்க வேண்டும். கொரிந்து ஒரு வணிக நகரம். இரண்டு பக்கமும் துறைமுகம், பல ஊர் ஆட்கள் வந்துபோகிற இடம். அங்கே சந்தையில் கிடைத்த இறைச்சியில் விக்கிரகங்களுக்குப் படைத்ததும் உண்டு. சில கிறிஸ்தவர்கள், விக்கிரகம் ஒன்றுமில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் சாப்பிடுவோம் என்றார்கள். புதிதாக வந்த வேறு சிலருக்கு அதைப் பார்த்து மனம் புண்பட்டது. தெரியும் என்றவர்கள் சொன்ன விஷயம் தப்பு என்று பவுல் சொல்லவில்லை. உன் அறிவால் உன் சகோதரன் கெட்டுப்போகலாமா என்றுதான் கேட்கிறார். சரியான அறிவையும் தப்பாகப் பயன்படுத்தலாம். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிவிட்டு, அப்பா கைநாட்டு வைக்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிற மகனுக்கும் இதே கேள்விதான்.

நான்காவது காரணம், பிறருக்காக. இதற்கு நம் கரையிலேயே பழைய சான்று இருக்கிறது. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைத் துறவி கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைமை ஏற்றவர் போர்ச்சுகலிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்து தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூல் தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். பதினாறே பக்கம்.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதையும் இந்த வரிசையில் வரும். இந்தக் கரையிலிருந்தும் எத்தனையோ பேர் பை நிறைய ரிப்போர்ட்டோடு அங்கே ரயில் ஏறியிருப்பார்கள். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் ஒரு மிஷனரி டாக்டரின் மகள். இளம் வயதில் திண்டிவனத்தில் அப்பாவோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். அவர் படித்த படிப்புக்கு, அந்த மூன்று பெண்கள்தான் காரணம்.

யாருக்காக என்ற கேள்விக்கு 'நம்ம ஆட்களுக்காக' என்று மட்டும் பதில் சொன்னால் அது பாதிப் பதில். ராமநாதபுரத்தில், 1798இல் தஞ்சாவூரில் இறந்த லுத்தரன் மிஷனரி ஸ்வார்ட்ஸின் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் அங்கே படித்தார். அடுத்து இயேசு சபையினரின் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. கடைசி வரை அவர் முஸ்லிமாகவே இருந்தார். மிஷன் பள்ளிகளில் மதம் மாறியவர்களை எண்ணிக் கணக்கு வைத்த காலமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டானுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்காமல் கொடுப்பதுதான் இயேசு சொன்ன அன்பு என்று பார்த்தால், அந்தப் பள்ளிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்த இடம் இதுதான்.

ஐந்தாவது, தன்னைத் திருத்திக்கொள்ளப் படிப்பது. இதற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். படித்தபின் பேச்சும் கோபமும் கொஞ்சமாவது மாறியிருக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

செபித்தால் போதுமா?

இரண்டு தவறான முடிவுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, செபம் பண்ணினால் மார்க் வரும் என்பது. ஞானத்தில் குறைவுள்ளவன் கடவுளிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்வது உண்மை. அதற்கு முந்தின வசனங்கள் சோதனையில் பொறுமையாக இருப்பதைப் பற்றியவை. கஷ்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்கிற ஞானம் அது. படிக்காத பாடத்துக்கு விடை இல்லை. இன்னொன்று, விசுவாசி என்றால் விஞ்ஞானத்தைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்பது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவுக்கு 1633இல் தண்டனை கொடுத்தபோது திருச்சபையே அந்தத் தவறைச் செய்தது. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். முந்நூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பரவாயில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நீதிமொழிகள். மொத்தம் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக ஒரு மாதத்தில் படித்துவிடலாம் என்று பலர் செய்வதுண்டு. கடைசி அதிகாரம் ஒரு ராஜாவுக்கு அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தது. அதற்கு முந்தின 30ஆம் அதிகாரத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். ஆகூர் என்ற ஒருவர், தமக்குப் புத்திக்கு எட்டாத நாலு விஷயத்தைச் சொல்கிறார்: ஆகாயத்தில் கழுகின் வழி, கன்மலையில் பாம்பின் வழி, நடுக்கடலில் கப்பலின் வழி, ஒரு பெண்ணை நாடிய ஆணின் வழி. மூன்றாவதைப் பற்றி நம்மூர் ஆட்கள் ஆகூருக்கு நிறையவே சொல்லிக்கொடுப்பார்கள். நாலாவதை இளைஞர் கூட்டத்தில் எடுக்காதீர்கள், கூட்டம் முடியாது.